குதிரை டிரெய்லர் வாங்கும் முன் போட வேண்டிய எடைக் கணக்கு

எஃகா, அலுமினியமா என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் உங்கள் குதிரை எத்தனை கிலோ?

வேபிரிட்ஜில், அதாவது வண்டிகளை எடை போடும் மேடையில், நிறுத்தி எடை பார்க்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி ஓர் அளவு, தோளின் முன்முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை வரை இன்னோர் அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 185, நீளம் 165 என்றால் ஏறக்குறைய 475 கிலோ. நாடாக் கணக்கு முன்பின் இருக்கும் என்பதால், டிரெய்லருக்குக் கணக்குப் போடும்போது 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து டிரெய்லரின் தகடு. அதில் பொறித்திருக்கும் அதிகபட்ச மொத்த எடை என்பது டிரெய்லரும் சுமையும் சேர்ந்தது. அதிலிருந்து காலி எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய சுமை கிடைக்கும். ஏமாறும் இடமும் இதுதான். விளம்பரத் தாளில் உள்ள காலி எடை பெரும்பாலும் அடிப்படை மாடலுக்கு உரியது. ரப்பர் மேட், ஸ்டெப்னி, சேண அறை, கூடுதல் தடுப்பு எதுவும் அதில் சேர்ந்திருக்காது.

ஒரு கணக்கு பார்ப்போம். தகட்டில் 2,700 கிலோ, தாளில் காலி எடை 1,380. அப்படியானால் 1,320 கிலோ ஏற்றலாம் என்று தோன்றும். 560 கிலோ குதிரைகள் இரண்டு 1,120. இன்னும் 200 மிச்சம், தாராளம்தான். ஆனால் அதே டிரெய்லரை வேபிரிட்ஜில் ஏற்றினால் 1,510 காட்டுகிறது. இப்போது மிச்சம் 70. இரண்டு சேணம் 30, புல்கட்டு இரண்டு 40, தண்ணீர் 60 லிட்டர் என்றால் 60. ஆக 130. எல்லாம் சேர்ந்து மொத்தம் 2,760, அளவை 60 கிலோ தாண்டிவிட்டது. விற்பவர் இதில் ஒரு பொய்யும் சொல்லியிருக்க மாட்டார்.

இழுக்கும் வண்டிக்கும் இதே சோதனை உண்டு. "3,500 கிலோ இழுக்கும்" என்ற ஒரு வரியோடு நின்றுவிடாதீர்கள். வண்டியின் பின்பக்க ஹிட்சில் (இழுவைக் கொக்கியில்) மாட்டும் டிரெய்லர் தன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் மேல் அழுத்தும். பிக்கப்பின் நடுவில் மாட்டும் கூஸ்நெக் வகை டிரெய்லர் 15 முதல் 25 வரை. மேலே சொன்ன 2,760 கிலோவுக்கு 12 சதவீதம் என்றால் 331 கிலோ. இந்த அழுத்தம் வண்டி தாங்கும் சுமைக் கணக்கில் சேரும். வண்டி 550 கிலோ தாங்கும், உள்ளே நாலு பேர் சேர்ந்து 280 கிலோ என்றால், இழுவைத் திறன் எவ்வளவு இருந்தாலும் வண்டி 61 கிலோ அதிகச் சுமையில் ஓடும். ஐரோப்பியப் பாணி இலகு டிரெய்லர்களில் இந்த அழுத்தத்துக்கு அனுமதி மிகக் குறைவு. ஹிட்ச், அதில் பூட்டும் டிரெய்லர் முனையான கப்ளர், வண்டி மூன்றில் எதில் எழுதியிருக்கும் எண் சிறியதோ அதுவே எல்லை.

இப்போது உலோகத்துக்கு வரலாம். அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் டிரெய்லரும் மூன்றில் ஒரு பங்காகிவிடாது. அலுமினியத்தின் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், தகட்டைத் தடிமனாக்கி, குறுக்குச் சட்டங்களை நெருக்கி வைத்தாக வேண்டும். போதாததற்கு ஆக்சிலும் கப்ளரும் பெரும்பாலும் எஃகுதான். "முழு அலுமினியம்" என்று சொன்னால் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு தூண், தரைச்சட்டம், கூரை வளைவு என்று ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். வெளித்தகடு மட்டும் அலுமினியமாக இருந்து உள்ளே எஃகு இருப்பது சகஜம். அதில் தப்பில்லை. ஆனால் இரண்டு உலோகமும் நேராகத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். நடுவில் ரப்பரோ நாடாவோ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

எஃகில் பெயிண்ட் கொப்புளித்திருந்தால் அடியில் துரு ஓடியிருக்கும். விரிசல் விட்டால் ஏறக்குறைய எந்தப் பட்டறையிலும் வெல்டிங் வைத்துவிடலாம். அலுமினியத்துக்குத் தனிக் கைப்பழக்கம் வேண்டும். பற்றவைத்த இடத்தை ஒட்டி உலோகம் சூட்டில் பலம் இழக்கும். ஆகவே கதவுக் கீல், தூண் அடி, ஹிட்ச் கழுத்து ஆகிய இடங்களில் மயிரிழை விரிசலை டார்ச் அடித்துத் தேடுங்கள். கூரைக்கு ஃபைபர் கிளாஸ் நல்ல தேர்வு, ஒற்றைத் தகட்டுக் கூரை வெயிலில் அடுப்பாகிவிடும்.

எல்லாவற்றிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டியது தரைக்கு. நிற்கும் குதிரையின் எடையில் 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கும். 550 கிலோ குதிரை என்றால் ஒரு முன்குளம்பின் கீழ் 165 கிலோ, அதுவும் உள்ளங்கை அகல இடத்தில். டிரெய்லர் ஓடும்போது குதிரை காலை மாற்றி மாற்றி ஊன்றும். சிறுநீர் மேட்டின் அடியில் தேங்கி மரத்தை உளுக்க வைக்கும், அலுமினியத்தில் குழி விழச் செய்யும். மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மரத்தரை என்றால் ஸ்க்ரூடிரைவரால் ஓரங்களையும் பின்கால் நிற்கும் இடத்தையும் குத்துங்கள். முனை இறங்கினால் பலகை போய்விட்டது. அலுமினியம் என்றால் வெள்ளைப் பொடியைத் தட்டிவிட்டு அடியில் குழி எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். பிறகு டிரெய்லருக்கு அடியில் படுத்து, பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைப் பாருங்கள். மேலே புதுப்பலகை, கீழே செல்லரித்தது போன்ற சட்டம் என்ற டிரெய்லர்கள் விற்பனைக்கு வருவதுண்டு.

டயரில் காற்று முழுதாக இருக்கும்போது தாங்கும் எடை பக்கச்சுவரில் எழுதியிருக்கும். அங்கேயே DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரிப்புத் தேதி: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே நின்ற இடத்தில் கிழடாகிவிடும். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

எல்லாம் பிடித்திருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் வேபிரிட்ஜுக்குக் கொண்டுபோய் இரண்டு எடை எடுங்கள். வண்டியில் மாட்டியபடி டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஒன்று. கழற்றி, முன்தாங்கியும் மேடையில் இருக்க இன்னொன்று. இரண்டாவது எண்தான் உண்மையான காலி எடை. அதிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் ஹிட்சின் மேல் விழும் அழுத்தம். வாங்கிய பிறகு குதிரைகளை ஏற்றி முதல் எடையை மறுபடியும் எடுங்கள். காலி எடையோடு குதிரைகள், சாமான் எடையைக் கூட்டினால் மொத்த எடை, அதிலிருந்து இந்த எண்ணைக் கழியுங்கள். வருவது மொத்த எடையில் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் (ஐரோப்பியப் பாணி டிரெய்லருக்கு அதில் எழுதியிருக்கும் எல்லையைப் பாருங்கள்) பின்பக்கம் கனக்கிறது, வேகத்தில் வால் ஆடும். தண்ணீர் டேங்கையும் புல்லையும் ஆக்சிலுக்கு முன்னால் நகர்த்துங்கள். ஒரே குதிரையை ஏற்றும் நாளில் அதைச் சாலையின் நடுப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கத் தடுப்பில் நிறுத்துங்கள்.