கோடைக் கொடிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து மடியும் கொடிகளைக் கோடைக்கென மாடியிலும் முற்றத்திலும் வளர்ப்போர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, நாற்று நான்கு இலை விடுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகின்றன. அதன் பிறகு உரத்தையும் மருந்தையும் மாற்றிப் பார்ப்பதால் பெரிய பயன் விளைவதில்லை.

இவற்றுள் முதலாவது விதைக்கும் காலம் பற்றியது. உறைபனி நீங்கிய பின் வசந்தத்தில் விதைக்கச் சொல்லும் குறிப்புகள் குளிர்நாட்டுத் தோட்டங்களுக்கு எழுதப்பட்டவை; அவற்றை நம்பிச் சித்திரையில் விதைத்தால், நாற்று வேர் பிடிக்கும் முன்பே கத்தரி வெயிலில் சிக்கிக்கொள்கிறது. தமிழகச் சமவெளியில் தை இறுதியிலோ மாசித் தொடக்கத்திலோ விதைத்துவிட்டால், மே மாதம் வருவதற்குள் கொடி நன்கு ஏறிப் படர்ந்து, தன் தொட்டி மண்ணுக்குத் தானே ஓரளவு நிழல் தரத் தொடங்கிவிடும்.

கொடியைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே குழப்பம் உண்டு. படங்களில் கண்டு மயங்கிப் பலர் வாங்கும் ஸ்வீட் பீ குளிர்ச்சியை விரும்பும் கொடி. ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் அது செழிக்கும். சமவெளியில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துப் பார்க்கலாமே தவிர, கோடைக்கு அது ஆகவே ஆகாது. கோடைக்கு மயில்மாணிக்கம், மார்னிங் குளோரி, முடக்கத்தான் ஆகியவை ஏற்றவை. சங்குப்பூ பல ஆண்டுகள் வாழக்கூடியது என்றாலும், விதைத்த பருவத்திலேயே பூத்துவிடுவதால் அதையும் இவ்வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றின் விதைத்தோல் கடினமானது. ஓர் இரவு நீரில் ஊறவைக்காமல் விதைத்துவிட்டு விதை முளைக்கவில்லை என்று குறைகூறுவதும், இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு அழுகச் செய்வதும் ஒன்றுபோல் வழக்கமாகவே இருக்கின்றன.

அடுத்த பெருந்தவறு, கொடி எவ்வாறு ஏறுகிறது என்பதைப் பாராமல் பந்தல் அமைப்பது. கொடிகளை அவை ஏறும் முறையைக் கொண்டு வகைப்படுத்தி 1865-இல் சார்லஸ் டார்வின் விரிவாக எழுதினார். அந்தப் பாகுபாடு தொட்டித் தோட்டத்துக்கும் பொருந்தும். மயில்மாணிக்கம், மார்னிங் குளோரி, சங்குப்பூ ஆகியவை தண்டாலேயே சுற்றி ஏறுபவை. மெல்லிய மூங்கில் குச்சியோ நேராக மேல்நோக்கிக் கட்டிய சணல் கயிறோ அவற்றுக்குப் போதும். பருத்த குழாயை அவற்றின் இளந்தண்டு சுற்றிப் பிடிக்க இயலாமல் சரிந்துவிடும். முடக்கத்தானோ பற்றுக்கம்பிகளால் பிடிப்பது. அதற்குக் குச்சியைவிட மெல்லிய கயிறும் வலையும் உகந்தவை. சுவரை மட்டும் காட்டிவிட்டு ஏறும் என்று காத்திருந்தால் இவற்றில் எதுவும் ஏறாது.

சரிந்த கொடியைத் தூக்கிக் கயிற்றில் சுற்றிவிடுபவர் பெரும்பாலும் கைபோன போக்கில் சுற்றுகிறார். மார்னிங் குளோரியும் மயில்மாணிக்கமும், மேலிருந்து பார்க்கையில், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றியே ஏறும்; மாற்றிச் சுற்றினால் நுனி மீண்டும் தன் போக்கிற்கே திரும்பி, கயிற்றை விட்டு விலகிவிடும். பந்தலை விதைக்கும்போதே நட்டுவிட வேண்டும். கொடி தரையில் பின்னிக்கொண்ட பின் குச்சி குத்தினால் வேரும் அறுபடும், தண்டும் ஒடியும். ஆடிக்காற்று வரை கொடியை வைத்திருக்க எண்ணுபவர் பந்தலைத் தொட்டியோடு மட்டும் நிறுத்தாமல் கைப்பிடிச் சுவரிலும் கட்டிவைப்பது நல்லது. இலை அடர்ந்த பந்தலைக் காற்று தொட்டியோடு சாய்த்துவிடும்.

தொட்டியின் அளவில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மூன்று கொடிகள் போதும். பத்து விதை முளைத்துவிட்டதே என்று அத்தனையையும் விட்டுவைப்பது இரக்கம்தான், ஆனால் ஒன்றும் உருப்படியாகப் பூக்காது. கறுப்பு நிற வளர்ப்புப் பைகள் மாடி வெயிலில் கடுமையாகச் சூடேறி வேரை வாட்டுவதால், அவற்றைத் தளத்தின் மீது நேரடியாக வைக்காமல் செங்கல் மீது ஏற்றி, மேற்குப் பக்கத்தைச் சாக்கினால் மறைக்கலாம்.

நண்பகலில் இலை துவள்வதைக் கண்டு உடனே நீர் ஊற்றுவது மற்றொரு தவறு. வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை இழப்பதாலும் அவ்வாறு துவளும். மாலையில் தானே நிமிர்ந்துவிடும். மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் ஊற்ற வேண்டும். ஈரமிருக்கும் மண்ணில் மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகும்; அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் இலை மறுபடியும் துவளும், அதைக் கண்டு மறுபடியும் நீர் ஊற்றப்படும்.

இலை செழித்தும் பூ இல்லையெனில், பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதியே காரணம். வெயில் போதாமையும் காரணமாகலாம். சங்குப்பூ தன் வேர்முடிச்சுகளில் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்திக்கொள்ளும் பயறு இனம் என்பதால், அதற்கு யூரியா இடுவது வீண்செலவு. நடும்போது கலந்த மக்கிய தொழுவுரமே பெருமளவு போதும்.

வறண்ட வெயிலில் இலையின் அடிப்புறத்தில் செஞ்சிலந்திப் பேன் பெருகும். இலை மேற்பரப்பில் வெளிர்புள்ளிகள் தோன்றியவுடனே அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலை உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும் என்பதால், மாலையில்தான் தெளிக்க வேண்டும்.

காய்களைக் கிள்ளாமல் விட்டால் பூப்பது குறையும். மயில்மாணிக்கத்தின் காய்கள் முற்றி வெடித்தால், மறுபருவத்தில் பக்கத்துத் தொட்டிகளிலெல்லாம் அதுவே முளைத்து நிற்கும். விதை சேகரிப்பவர் மார்னிங் குளோரி விதைகள் நச்சுத்தன்மை உடையவை என்பதை மனத்தில் கொண்டு, அவற்றைச் சமையலறை அலமாரியிலோ காய்கறி விதைகளோடு கலந்தோ வைக்காமல், பெயர் எழுதிய உறையிலிட்டுக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.