உடல் கிடைக்காத வீட்டில் துணை நிற்பது எப்படி?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை. அவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. இத்தகைய வீட்டுக்கு ஆறுதல் சொல்லச் செல்பவர், "போனவர் போய்விட்டார், மனதைத் தேற்றிக்கொள்" என்றோ, "கட்டாயம் வந்துவிடுவார்" என்றோ சொல்லக் கூடாது. இரண்டுமே நமக்குத் தெரியாதவை. மனைவி தன் கணவரை "அவருக்கு நெத்திலிக் குழம்பு பிடிக்கும்" என்று நிகழ்காலத்தில் பேசினால், நாமும் அப்படியே பேசலாம். அவருடைய கைப்பேசி எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதையும் தட்டில் சோறு எடுத்து வைப்பதையும் பைத்தியக்காரத்தனம் என்று கண்டிக்க வேண்டாம். தாலியைக் கழற்றுவதா, நினைவுத் திருப்பலி வைப்பதா என்பதை அந்த வீட்டாரே, அவர்களுக்கு வேண்டிய காலத்தில், முடிவு செய்யட்டும். ஊரார் நெருக்குவது மிகப் பெரிய கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

நடந்ததைச் சொல்லுமாறு யாரையும் தூண்ட வேண்டாம். பேரிடர் நடந்தவுடன் ஒரே அமர்வில் அனைத்தையும் கொட்டச் செய்யும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. உணவு, உறக்கம், தேடுதல் பற்றிய உண்மையான செய்தி ஆகியவையே முதலில் தேவை; அவராகப் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேட்டால் போதும். "அப்பா வெளிநாடு போயிருக்கிறார்" என்று குழந்தைகளிடம் பொய் சொல்லாமல், "கடலில் தேடினார்கள், இன்னும் கிடைக்கவில்லை" என்று எளிமையாகச் சொல்ல வேண்டும்.

துக்கத்தோடு காகிதங்களும் சேர்ந்து வதைக்கும். காணாமல் போனவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதபோதுதான் இறந்தவராகக் கருதலாம் என்பது பொதுச் சட்டம்; பெரும் பேரிடர்களுக்குப் பின் அரசு தனி ஆணை பிறப்பித்து இந்தக் காத்திருப்பைக் குறைப்பதுண்டு. எனவே வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் உடன் சென்று, படிவம் நிரப்பி, அடையாள அட்டைகளை நகலெடுத்துக் கொடுப்பது நூறு ஆறுதல் சொற்களைவிடப் பெரிய உதவி.

ஆண்டுதோறும் நவம்பர் 30 நெருங்கும்போதும், புதிய புயல் எச்சரிக்கை வரும்போதும், பழைய அச்சம் அப்படியே திரும்பும். அந்த நாட்களில் ஒருவர் அவ்வீட்டில் தங்குவது நல்லது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும் ஏக்கம் சற்றும் தணியாமல் அன்றாட வாழ்க்கை முடங்கிக் கிடந்தாலும், அலையோசை கேட்டாலே உடல் நடுங்கினாலும், குடி கூடினாலும், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சாவதைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்காமல், அவரைத் தனியே விடாமல், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை) எண்ணில் இரவிலும் பகலிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.