திருகோணமலையிலிருந்து லண்டனுக்குத் துணையோடு: ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுக்குப் பத்திரம் சேர்ப்பது எப்படி

ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில், அதாவது பிரித்தானிய நிறுவனம் ஒன்று வேலை தந்து அழைக்கும் விசாவில், கணவனும் மனைவியுமாக இங்கே வர இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "என்னென்ன பத்திரம் வேணும்?" என்று. நான் திருப்பிச் சொல்வது, எதை முதலில் எடுப்பது என்று யோசியுங்கள் என்பது. திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் போன்றவைக்குக் காலாவதி இல்லை. ஆனால் ஒன்றில் பிழை இருந்தால் திருத்தி எடுக்க மாதக்கணக்கில் இழுபடும். காசநோய்ப் பரிசோதனை, பேங்க் ஸ்டேட்மென்ட், முதலாளி தரும் ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழ் எல்லாம் கைக்கு வந்த நாளிலிருந்தே நாள் எண்ணத் தொடங்கிவிடும். ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழ் ஒதுக்கப்பட்டால் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அந்த நேரத்தில் போய் பிரதேச செயலகத்தில் பெயர் திருத்தம் கேட்டு நின்றால் மூச்சு முட்டும். ஆகவே வேலைக்கான நேர்முகம் நடக்கும்போதே காலாவதி இல்லாத பத்திரங்களைத் தொடங்கிவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். உங்களுக்குக் கிடைத்த வேலைக்குத் துணையைக் கூட்டி வர அனுமதி இருக்கிறதா? பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று 2024 மார்ச் 11 முதல் விதி வந்தது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதே நாளிலிருந்து, பொதுவாகப் பட்டதாரி மட்டத்து வேலைகளுக்குத்தான் இந்த விசா. அதற்குக் கீழே தற்காலிகப் பற்றாக்குறைப் பட்டியலில் சில வேலைகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் புதிதாக வருகிறவர் துணையையோ பிள்ளையையோ சேர்க்க முடியாது. உங்கள் ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழில் தொழில் குறியீட்டு எண் ஒன்று இருக்கும். எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. இதைப் பார்க்காமல் "வைஃபையும் போடலாம்" என்று காசு வாங்குகிற ஏஜென்ட்மார் இன்னும் இருக்கிறார்கள். நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று பிரித்தானிய அரசின் இணையத்தளத்திலுள்ள ஸ்பொன்சர் பட்டியலில் நீங்களே தேடிப் பார்க்கலாம், அதற்குக் காசு இல்லை. ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழுக்கு விலை சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

இனித் திருமணச் சான்றிதழ். துணையின் விண்ணப்பம் முழுக்க இதில்தான் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் கோவிலில் தாலி கட்டி, நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, எழுத்தை, அதாவது திருமணப் பதிவை, மட்டும் பிறகு பார்ப்போம் என்று விட்ட குடும்பங்கள் நிறைய. பத்திரகாளி அம்மன் கோவிலில் நடந்த கலியாணத்துக்கு ஊரே சாட்சியாக இருக்கலாம், விசா அதிகாரிக்கு வேண்டியது பதிவாளரின் சான்றிதழ். எழுத்து இன்னும் ஆகவில்லை என்றால் இப்போதே வைத்துவிடுங்கள். பதிவுத் திகதி கலியாணத் திகதிக்குப் பல வருடம் பிந்தியிருந்தால் அதை மறைக்க வேண்டாம். விண்ணப்பத்தில் சான்றிதழிலுள்ள திகதியை எழுதி, கோவில் கலியாணம் எப்போது நடந்தது, எழுத்து ஏன் பிந்தியது என்று அரைப்பக்கக் கடிதம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் சரி.

பிள்ளையும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பழைய மாதிரிப் பிறப்புச் சான்றிதழில், பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கூடு இருக்கும். பிள்ளை பிறந்தபோது எழுத்து ஆகாத குடும்பங்களில் அந்தக் கூட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். அதில் ஒன்றும் திருமணச் சான்றிதழில் வேறொன்றும் இருந்தால், அதே கடிதத்தில் அதையும் விளக்க வேண்டும். அதிகாரி கேட்கும் முன் நாமே சொல்லிவிடுவது எப்போதும் நல்லது.

கிண்ணியா, மூதூர் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே கணக்குத்தான். காவின் நடந்தது மட்டும் போதாது. முஸ்லிம் விவாகப் பதிவாளரிடம் பதிந்த சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

போரிலும் 2004 சுனாமியிலும், 2006 இடப்பெயர்விலும் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மூலப் பிரதி போனதற்காகக் கலங்க வேண்டாம். பதிவு நடந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். எழுத்து உவர்மலையிலோ திருக்கடலூரிலோ நடந்திருந்தால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்குப் போகலாம். சம்பூரில் நடந்திருந்தால் மூதூர் போகலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை விரைவாக முடியும், தெரியாவிட்டால் தேடுவதற்கு நாள் எடுக்கும். ஒன்றுக்கு இரண்டாகப் பிரதி எடுத்து வையுங்கள்.

பிறகு பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயர் முன்னே வரும், கலியாணத்துக்குப் பிறகு சிலர் கணவன் பெயரை முன்னே போடுவார்கள். இதனால் ஒரே பெண்ணுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர், பல்கலைக்கழகச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று ஆகிவிடுகிறது. அளவுகோல் ஒன்றே: கடவுச்சீட்டில் இருக்கிற எழுத்துக்கூட்டல். மனைவியின் கடவுச்சீட்டு தகப்பன் பெயரோடு இருந்தால் அப்படியே இருக்கட்டும். அவர்தான் இவர் என்று திருமணச் சான்றிதழ் காட்டிவிடும். மாற்றத்தான் வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் முன் அதைச் செய்யுங்கள். காசநோய்ச் சான்றிதழும் விண்ணப்பப் படிவமும் அந்தக் கடவுச்சீட்டு இலக்கத்தையே சுமக்கும், நடுவில் மாற்றினால் ஒவ்வொன்றாகத் திரும்ப விளக்க வேண்டிவரும். கடவுச்சீட்டு வேலைக்குப் பத்தரமுல்லையிலுள்ள தலைமை அலுவலகத்துக்கே போக வேண்டும் என்றில்லை, எங்களுக்குக் கிட்ட வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

தமிழில் உள்ள ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது இருவரின் கடவுச்சீட்டுப் பிரதியையும் கூடவே கொடுங்கள். அவர் தன் பழக்கத்துக்கு எழுத்துக்கூட்டினால் பெயர் இன்னொரு வடிவம் எடுத்துவிடும். மொழிபெயர்ப்பு மூலத்துக்குச் சரியானது என்ற உறுதி, திகதி, அவருடைய முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விபரம் இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். சான்றிதழின் பின்பக்கத்தில் குறிப்பு அல்லது முத்திரை இருந்தால் அதையும் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி காண்கிற குறை.

பொலிஸ் சான்றிதழ் எல்லோருக்கும் தேவைப்படாது. தாதியர், ஆசிரியர், சிகிச்சையாளர், சமூக சேவை போன்ற வேலைகளுக்கு வருகிறவர்களுக்கு வேண்டும், அவர்களுடைய துணைக்கும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கட்டாரிலோ சவுதியிலோ டுபாயிலோ இருந்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். 28 வயதோ அதற்கு மேலோ ஆனவர் கடந்த பத்து வருடத்தில் ஒரு நாட்டில் மொத்தம் 12 மாதம் அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழும் கேட்பார்கள். 28க்குக் குறைந்தவருக்கு 18 வயதிலிருந்து கணக்கு. வளைகுடா நாட்டிலிருந்து இதை எடுப்பது மெதுவான வேலை, முதல் நாளிலேயே தொடங்குங்கள். அங்கே இன்னும் வேலையில் இருப்பவர் ஊருக்குத் திரும்பும் முன் எடுத்துக்கொண்டு வந்தால் பெரிய தலையிடி குறையும்.

ஆங்கிலத் தகைமை வேலைக்கு வருகிறவருக்கு வேண்டும். 2026 ஜனவரி 8 முதல் அது ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி2 மட்டம், முன்பு அதற்குக் கீழான பி1 ஆக இருந்தது. ஆங்கில மொழிமூலம் பட்டம் படித்தவர்கள், கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் படித்தவர்கள் உட்பட, வெளிநாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கும் எக்டிஸ் என்ற நிறுவனத்தின் உறுதிப்படுத்தலைப் பெற்றால் பரீட்சை எழுதாமல் தப்பலாம். தாதியர் தங்கள் பதிவுச் சபைக்காக ஏற்கெனவே ஆங்கிலப் பரீட்சையில் தேறியிருந்தால் அதுவே போதும்.

நாள் எண்ணப்படுகிற பத்திரங்களுக்கு வருவோம். காசநோய்ப் பரிசோதனையை கொழும்பில் ஐஓஎம் (சர்வதேச குடிபெயர்வு அமைப்பு) நிலையத்தில் நேரம் குறித்துச் செய்ய வேண்டும், சான்றிதழ் ஆறு மாதத்துக்குச் செல்லும். இருவரும் ஒரே நாளில் நேரம் எடுத்தால் இரவு மெயில் ரயிலில் போய் வேலையை முடித்துக்கொண்டு திரும்பலாம். 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பொதுவாக எக்ஸ்ரே எடுப்பதில்லை, ஆனால் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எக்ஸ்ரே தெளிவாக இல்லாவிட்டால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதன் முடிவு வர இரண்டு மாதமளவில் ஆகலாம். சளிப் பரிசோதனை என்றவுடன் நோய் என்று பயப்பட வேண்டாம். அந்த இரண்டு மாதத்துக்கு இடம் விட்டு நாள் குறித்தால் போதும். கர்ப்பிணி என்றால் நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள், எக்ஸ்ரேக்குப் பதில் வேறு வழி தருவார்கள்.

காசு விஷயத்தில்தான் நல்ல விண்ணப்பங்களும் விழுகின்றன. விண்ணப்பிக்கிறவருக்கு 1,270 பவுண்ட்ஸ், துணைக்கு 285, முதல் பிள்ளைக்கு 315, அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 200. இருவர் மட்டும் என்றால் 1,555 பவுண்ட்ஸ், தொடர்ந்து 28 நாள் கணக்கில் நிற்க வேண்டும். அந்த 28வது நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 31 நாளுக்குள் வர வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் கணக்கு முறிந்தது. பவுண்ட்ஸ் விலை ஏறி இறங்குவதால் ரூபாயில் நன்றாகக் கூட வைத்திருங்கள். கணக்கு உங்கள் பெயரிலோ துணையின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருக்கலாம், கனடாவில் இருக்கிற மாமாவின் கணக்கு உதவாது. நகை, காணி உறுதி, இன்னும் எடுக்காத சீட்டு எதுவும் கணக்கில் வராது. நகையை அடகு வைத்தோ சீட்டு எடுத்தோ காசு போடுவதென்றால் 28 நாள் தொடங்கும் முன் போட்டு, அதற்கான துண்டையும் பத்திரப்படுத்துங்கள். இவ்வளவுக்கும் முன்னால் முதலாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் மாதச் செலவைத் தாங்கள் பொறுப்பேற்பதாக ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழில் உறுதி தருவீர்களா, துணையையும் சேர்த்து? தந்தால் ஸ்டேட்மென்ட் தேவையே இல்லை. கேட்கக் கூச்சப்பட்டு எத்தனையோ பேர் கடன்பட்டிருக்கிறார்கள்.

சுகாதார வரி வேறு. பெரியவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்ட்ஸ். இருவருக்கு மூன்று வருட விசா என்றால் 6,210 பவுண்ட்ஸ், முழுதும் முன்கூட்டியே. ஹெல்த் அண்ட் கெயர் பிரிவில் வரும் தாதியருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இது இல்லை. விசாக் கட்டணம் தலைக்குத் தலை தனி.

படிவத்தை இருவரும் தனித்தனியே நிரப்ப வேண்டும். துணையின் படிவத்தில் முதல் விண்ணப்பத்தின் இலக்கத்தைப் போட்டால்தான் இரண்டும் இணையும். வேலைத் திகதிகள், முகவரிகள், போன நாடுகள் எல்லாவற்றையும் இருவரும் பக்கத்தில் இருந்து ஒன்றாக எழுதுங்கள். கட்டாரில் இருந்த காலத்தை ஒருவர் 2019 வரை என்றும் மற்றவர் 2020 வரை என்றும் எழுதினால் அது பொய்யாகத் தெரியும். போலிப் பத்திரமோ ஏமாற்றோ என்று முடிவானால் பத்து வருடத் தடை வரலாம். கலியாணம் முடிந்தும் பிரிந்து இருந்தவர்கள் சில படங்கள், காசு அனுப்பிய ரசீது, பேசிய பதிவுகள் கொஞ்சம் சேர்க்கலாம். முழு அல்பத்தையும் ஏற்றத் தேவையில்லை. கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் செய்யும்போது கலரில், ஓரம் வெட்டுப்படாமல், இரு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள். கைவிரல் அடையாளத்துக்கு விசா விண்ணப்பங்களை ஏற்கும் கொழும்பு விஎஃப்எஸ் நிலையத்துக்குப் போன பிறகு முடிவு பொதுவாக மூன்று வாரத்தில் வரும். அதுவரை வேலையை விடவோ வீட்டைக் கொடுக்கவோ வேண்டாம்.

வரும்போது மூலப் பத்திரங்கள் கைப்பையில் இருக்கட்டும். துணை இங்கே வேலை செய்யலாம், விளையாட்டு வீரர், பயிற்றுநர் வேலை தவிர எதுவும். வந்த முதல் வாரத்திலேயே அவருக்கும் தேசிய காப்புறுதி இலக்கத்துக்கு விண்ணப்பியுங்கள், இருவரும் பக்கத்துக் குடும்ப வைத்தியரிடம் பதியுங்கள். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 12 மாதம் ஓட்டலாம், பிறகு இங்கத்தைய பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும். வீட்டு ஒப்பந்தத்திலும் கரண்ட் பில்லிலும் துணையின் பெயரையும் போடச் சொல்லுங்கள். அவருக்கு வங்கிக் கணக்குத் திறக்க முகவரி அத்தாட்சி அதுதான். விசாவை நீடிக்கும்போது சேர்ந்து வாழ்வதைக் காட்டவும் அந்தக் கடிதங்களே உதவும், ஒன்றையும் எறியாமல் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.