ஒரு ஏ4 தாள், எட்டுப் பக்கம்: பள்ளி நூலகத்தில் குட்டிப் புத்தகம் செய்வது எப்படி

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் தனி நூலகர் கிடையாது. தமிழாசிரியை என்பதால் பீரோச் சாவி என்னிடம் இருக்கிறது. வாரம் ஒரு நூலகப் பாடவேளை. ஒன்பதாம் வகுப்பை ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவர வைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் பத்திரிகை என்றால் கையெழுத்து அழகாக இருக்கும் நான்கு பேர்தான் எழுதுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் ஆளுக்கொரு புத்தகம் என்று மாற்றினேன். முதல் வாரமே 32 தாள்கள் பாழ். அந்தத் தவறு உங்களுக்கு நேராமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

தேவையானவை: ஏ4 தாள், கத்தரிக்கோல், இரும்பு ஸ்கேல், கறுப்பு பால்பாயின்ட் பேனா. ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், கை பட்டால் இழுவிவிடும். எழுதிய தாளைப் பின்னால் ஜெராக்ஸ் எடுப்போம், பென்சில் எழுத்து அதில் மங்கிவிடும். ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறுமே என்று கவலைப்பட வேண்டாம், பின்பக்கம் எப்படியும் மடிப்புக்குள் மறைந்துவிடும்.

1. தாளை எட்டாக மடித்து விரியுங்கள். அகலவாட்டில் வைத்தால் மேலே நான்கு கட்டம், கீழே நான்கு கட்டம் தெரியும். ஒவ்வொரு மடிப்பையும் ஸ்கேல் விளிம்பால் அழுத்தித் தேயுங்கள். நகத்தால் தேய்த்தால் போதாது.

2. குட்டை ஓரங்கள் இரண்டும் சேரும்படி பாதியாக மடியுங்கள். இப்போது மடிந்திருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேலேயே வெட்டி, அடுத்த மடிப்பு வந்ததும் நிறுத்துங்கள். திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் தாள் நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் றெக்கை விரிக்கும். அப்படி ஆனால் செலோடேப் போட்டு ஒப்பேற்றலாம்.

3. தாளை விரித்து, நீளவாக்கில் பாதியாக மடித்து, இரண்டு முனைகளையும் உள்நோக்கித் தள்ளுங்கள். வெட்டு வாய் திறந்து, மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி நிற்கும். நான்கு இதழ்களையும் ஒரு பக்கமாகச் சாய்த்தால் புத்தகம். பக்கம் ஒன்று ஏறக்குறைய 7.4 × 10.5 செ.மீ. சட்டைப் பையில் அடங்கும்.

4. இங்கேதான் நான் சறுக்கினேன். விரித்த தாளிலேயே பிள்ளைகளை இடமிருந்து வலமாக எழுதச் சொல்லிவிட்டேன். மடித்துப் பார்த்தால் பாதிப் பக்கங்கள் தலைகீழ், கதையின் முடிவு மூன்றாம் பக்கத்தில். சரியான வரிசை இது:

மேலே: 7, 6, 5, 4 (நான்கும் தலைகீழாக)
கீழே: 8, 1, 2, 3

இதை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். வெற்றுப் புத்தகத்தை முதலில் மடித்து முடித்து, கையில் புரட்டிக்கொண்டே மூலையில் பென்சிலால் மெல்லிசாக 1 முதல் 8 வரை எண் போடச் சொல்லுங்கள். அப்புறம் விரித்தால் எந்தக் கட்டம் எது, எந்தப் பக்கம் தலை என்று தாளே சொல்லிவிடும். மேல் வரிசையை எழுத வரும்போது தாளைத் திருப்பி வைத்துக்கொண்டால் ஆயிற்று.

5. எழுதும்போது ஓரத்தில் ஒரு செ.மீ. விடச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மெஷின் விளிம்பு வரை எடுக்காது.

தலைப்பு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ‘மரம் வளர்ப்போம்’ மாதிரி கொடுத்தால் கட்டுரைப் பயிற்சிதான் வரும். ‘எங்கள் தெருவில் ஒரு கடை’ என்று கொடுத்தேன். ஒரு பையன் அவன் அப்பாவின் பங்க்சர் கடையை எழுதினான். நான்காம், ஐந்தாம் பக்கங்களில் எழுத்தே இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் அமுக்கிய டியூப், ஒரே ஒரு ஓட்டையிலிருந்து வரிசையாக மேலேறும் குமிழிகள். ஆறாம் பக்கத்தில்: ‘இதைக் கண்டுபிடிக்கத்தான் காசு.’

இவற்றை ஆகஸ்ட் 12, நூலகர் தினத்தன்று நூலகத்தில் கொடிக்கயிறு கட்டி கிளிப்பில் தொங்கவிட்டோம். அது சீர்காழியில் பிறந்த நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதனின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது. அவர் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. அதனால் தொங்கவிட்டதோடு விடவில்லை. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் தேதிச் சீட்டு ஒட்டி, வேறு வகுப்புக்காரர் ஒருவராவது எடுத்துப் போக வேண்டும் என்று வைத்தோம். பங்க்சர் கடை ஒன்பது முறை போய் வந்து முதுகு கிழிந்தது. மாஸ்டர் பிரதியை வீட்டுக்கு விடாதீர்கள், ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள்.

நூலகப் பதிவேட்டில் ஏற்றலாமா? ஆசையாகத்தான் இருந்தது. ஏற்றிவிட்டால் ஆடிட்டில் ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்று தலைமையாசிரியர் சிரித்தார். தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டோம்.

பிற்சேர்க்கை 1: மடிப்பும் பக்கமும் பொருந்தவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கடைக்காரர் தாளுக்கு ஏற்றபடி சுருக்கி எடுத்திருப்பார். ‘100 சதவீதத்தில், ஒரு பக்கம் மட்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள்.

பிற்சேர்க்கை 2: வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர், வலமிருந்து இடமாக எழுதும் உருது வழிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் பின்னாலிருந்து தொடங்குகிறதே என்று கேட்டார். எனக்குத் தோன்றவே இல்லை. மடித்துப் பார்த்துவிட்டேன் சார். மேலே 2, 3, 4, 5 தலைகீழாக. கீழே 1, 8, 7, 6. வெட்டும் மடிப்பும் அதேதான்.