பெரெம்பாங் நாற்று: கோல சிலாங்கூர் ஆற்றங்கரையில் வளர்ப்பது எப்படி?

மலேசியாவின் கோல சிலாங்கூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கம்போங் குவாந்தான் கிராமத்து மின்மினிகளைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சிலாங்கூர் ஆற்றோரம் அவை கூடி மின்னும் மரம் பெரெம்பாங். கரையை வெட்டி வெளியாக்கிய இடங்களில் அதை மீண்டும் நட, வார இறுதியில் கைகொடுக்க வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். ஆற்றோர ஒதுக்கு நிலம் அரசாங்கத்துடையது; வடிகால், நீர்ப்பாசன இலாகாவிடம் கேட்காமல் ஒரு குச்சிகூட ஊன்றாதீர்கள். பெரெம்பாங்குக்கு உப்பு குறைந்த நீர் ஏறி இறங்கும் சேறும் நல்ல வெயிலும் வேண்டும். கடலோரச் சேற்றுக்கும் மர நிழலுக்கும் அது ஏற்றதல்ல. அங்கே தானாக முளைத்த கன்றுகள் இருந்தால் நடும் வேலையே இல்லை. அவற்றின் மேல் படர்ந்த கொடியை அறுத்துவிட்டாலே போதும்.

அடுத்து விதை. காய் தட்டையாக உருண்டிருக்கும். அடியில் நட்சத்திரம்போல் புல்லிவட்டம் விரிந்திருக்கும். மரத்தில் பறிக்காமல், பழுத்து விழுந்ததை எடுங்கள். சில நாள் தண்ணீரில் ஊறவைத்தால் சதை அழுகிக் குழையும். வலைச் சல்லடையில் போட்டுப் பிசைந்து அலசினால், கோணல்மாணலான சின்ன விதைகள் கைநிறையக் கிடைக்கும். வாடை கொஞ்சம் குமட்டும், வீட்டுக்குள் செய்யாதீர்கள்.

ஆற்றுச் சேற்றில் சிறிது மணல் கலந்து தட்டில் பரப்பி, மேலாகத் தூவி, ஈரம் காயாமல் பாருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளை தெரியும். நாலைந்து இலை விட்டதும் பாலிபேக்கில் மாற்ற வேண்டும். இதற்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நாற்றங்காலில் வேலை செய்த அக்காமாரைக் கூப்பிடுங்கள். வேர் அறுபடாமல் கன்று தூக்கும் அந்தக் கைப்பக்குவம் படத்தைப் பார்த்து வராது.

கன்று முழங்காலைத் தாண்டித் தண்டு விறைத்த பிறகு, நீர் வற்றிய வேளையில் நடுங்கள். பையைக் கிழித்து எடுத்துவிட்டு, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்கி, சேற்றை அழுத்தி, மூங்கில் குச்சியோடு தளர்வாகக் கட்டினால் போதும். அருகில் பெரிய மரம் இருந்தால் சேற்றிலிருந்து கூர்கூராக நிமிர்ந்து நிற்பவை அதன் மூச்சு வேர்கள், மிதிக்காமல் நடங்கள்.

நட்டுப் படம் எடுப்பதற்கு வரும் கூட்டம் பெரும்பாலும் இத்துடன் கலைந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகுதான். மின்மினியின் இளம்புழு மரத்தில் வாழ்வதில்லை. கரையின் ஈரத் தரையில், சருகுக்கும் புல்லுக்கும் இடையே, சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. நாமோ கோத்தோங் ரோயோங் என்னும் ஊர்க்கூட்டு வேலை என்றாலே பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு தரை தெரியும்வரை வெட்டிவிடுவோம். அந்தச் சுத்தம் இங்கே வேண்டாம். கன்றைச் சுற்றி ஒரு கை அகலம் மட்டும் களை எடுங்கள். நீப்பாப் பனையையும் சருகையும் அப்படியே விடுங்கள்.

கரையை ஒட்டிச் செம்பனை வைத்திருப்பவர்களிடம், நீர் ஓரத்து வரிசைகளுக்குப் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் தெரிந்தவர்கள்தாம், தேநீர்க் கடையில் பேசினாலே முடிகிற காரியம்.

கிழித்த பாலிபேக்குகளை மறக்காமல் மூட்டை கட்டி எடுத்து வாருங்கள். ஒரு மாதம் கழித்துப் போய், பட்டுப்போன கன்றுகளின் இடத்தில் மாற்றுக் கன்று நட வேண்டியிருக்கும். அதற்காக நாற்றங்காலில் கொஞ்சம் மீதி வைத்துக்கொள்ளுங்கள்.