தொற்றுக் காலத்தில் வகுப்பெடுக்கப் பேராசிரியர்களைத் தயார் செய்வது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட கோவிட் மண்டலப் பட்டியலில், தமிழ்நாட்டில் தொற்று இல்லாத பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. பக்கத்திலிருக்கும் தர்மபுரிக்கும் தொற்று தாமதமாகத்தான் வந்தது. மார்ச்சில் மூடிய கல்லூரிகள் திரும்பத் திறக்க டிசம்பர் ஆனது, அதுவும் முதலில் இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டும். ஆசிரியர்களைத் தயார் செய்ய நிறைய மாதங்கள் கிடைத்தன. அந்த மாதங்களில் நடந்த பயிற்சிகளை நினைத்துப் பாருங்கள். கூகுள் மீட்டில் வகுப்பைத் தொடங்குவது, பிபிடியைப் பகிர்வது, ஆன்லைனில் தேர்வு வைப்பது. எல்லாம் தேவையானவைதான். ஆனால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் திரும்பப் போய் நிற்கவேண்டிய ஒருவருக்கு, அந்த அறையைப் பற்றிப் பெரும்பாலும் எதுவும் சொல்லித் தரப்படவில்லை.

கோவிட் அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது. அடுத்த முறை மூச்சு வழியாகப் பரவும் இன்னொரு நோய் வந்தால், பழைய சுற்றறிக்கையையே தூசி தட்டி எடுத்து ஒட்டிவிடுவோமோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். கல்லூரி முதல்வர்கள், துறைத் தலைவர்கள், ஆசிரியர் பயிற்சிக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

கையைப் பார்த்தோம், காற்றைப் பார்க்கவில்லை

சானிடைசர் பாட்டில், பெஞ்சைத் துடைக்க ஆள், தரையில் வெள்ளை வட்டம். தயாரிப்பு என்றால் நமக்கு இவைதான் கண்ணுக்குத் தெரிந்தன. கை கழுவுவதைக் குறை சொல்லவில்லை, பல நோய்களைத் தடுக்கும் நல்ல பழக்கம் அது. ஆனால் கோவிட் பெரும்பாலும் பரவியது காற்றில். தொற்று உள்ளவர் பேசும்போதும் மூச்சு விடும்போதும் வரும் நுண்துளிகள், மூடிய அறைக்குள் பீடிப் புகைபோல நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆறடி தள்ளி உட்கார்ந்தாலும் புகை வந்து சேர்வதுபோல அவையும் வந்து சேரும்.

2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். ஒருவருக்கு லேசான சளி அறிகுறி இருந்தது. ஒத்திகை முடிந்த சில நாட்களில் அவரையும் சேர்த்து 53 பேருக்குத் தொற்று உறுதியாகவோ, இருக்கக்கூடும் என்றோ கணக்கில் வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். மூடிய அறை, நிறைய ஆட்கள், உரக்க எழும் குரல், நீண்ட நேரம். நம் வகுப்பறைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு ஆசிரியரும் யோசிக்க வேண்டும்.

அதனால் பயிற்சியை கருத்தரங்கக் கூடத்தில் ஏசி போட்டு நடத்தாதீர்கள். அவரவர் பாடம் எடுக்கும் அறைக்கே கூட்டிப் போங்கள். எந்த ஜன்னல் திறக்கிறது, எது பெயின்ட் அடித்து ஒட்டிப்போயிருக்கிறது, எதன் கொக்கி உடைந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி அறையின் நடுவில் பிடியுங்கள். புகை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஜன்னல் வழியாக வெளியேறினால் காற்று ஓடுகிறது என்று அர்த்தம். நேராக மேலே போய் அங்கேயே பரவி நின்றால் அந்த அறையில் காற்று மாறவில்லை. மின்விசிறியைப் போட்டு ஒருமுறை, நிறுத்தி ஒருமுறை பாருங்கள். விசிறி புகையைக் கலக்கி விடும், அவ்வளவுதான். சீலிங் ஃபேன் ஓடினால் காற்றோட்டம் இருக்கிறது என்று நம்புவது நம்மிடம் மிகப் பரவலான தவறு. விசிறி உள்ளே இருக்கும் காற்றைத்தான் சுற்றுகிறது. வெளிக்காற்று வர எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு வழியாவது திறந்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் ஜன்னல் இல்லாத அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாம். எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அறையின் காற்று மணிக்கு 5 தடவையாவது மாறவேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் சொன்ன இலக்கு. 30 அடி நீளம், 20 அடி அகலம், 12 அடி உயரம் உள்ள அறையில் 7,200 கன அடி காற்று. ஐந்தால் பெருக்கினால் மணிக்கு 36,000 கன அடி, அதாவது சுமார் 1,020 கன மீட்டர். ஃபேன் பெட்டியின் மேல் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். வெளியே தள்ளும் அளவுக்கு உள்ளே வர இன்னொரு பக்கம் திறப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கித் துறைக்குத் துறை மாற்றிக்கொண்டால் ஊகமே தேவையில்லை. வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு போல இருக்கும். ஆட்கள் நிறைந்த அறையில் 800-க்குள் இருந்தால் நல்லது. 1,500-ஐத் தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். வாங்கும்போது அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்.டி.ஐ.ஆர். சென்சார் உள்ளதா என்று கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் சில கருவிகள் வேறு வாயுக்களை அளந்து கணக்குப் போட்டுக் காட்டும், நம்ப முடியாது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் டிசம்பர், ஜனவரிக் குளிரில் காலை முதல் வகுப்பில் ஜன்னலைத் திறந்தால் மாணவர்களே எழுந்து போய்ச் சாத்துவார்கள். 2022 ஜனவரி ஓமிக்ரான் அலை அந்தக் குளிரில்தான் வந்தது. முழுக்கத் திறக்க முடியாவிட்டால் எதிரெதிராக இரண்டை ஒரு சாண் திறந்து வையுங்கள். ஷிப்ட் முறையில் நடக்கும் கல்லூரியில் முதல் ஷிப்ட் எழுந்த சூட்டோடு அடுத்த ஷிப்டை உட்கார வைக்காதீர்கள். மணிக்கு 5 தடவை காற்று மாறும் அறையில்கூட, ஆட்கள் போன 15 நிமிடத்தில் பழைய காற்றில் பத்தில் ஏழு பங்குதான் வெளியேறியிருக்கும்.

அப்புறம், எல்லாவற்றையும் அறைக்குள்தான் நடத்தவேண்டும் என்று யார் சொன்னது? வைவா, புராஜெக்ட் ஆலோசனை, சிறு குழு விவாதம் எல்லாவற்றையும் காலை வேளையில் புளியமர நிழலில் நடத்தலாம். புளியமரத்துக்கு நம் மாவட்டங்களில் பஞ்சமில்லை. நிழலும் நாற்காலியும் இருந்தால் போதும், ஒரு ரூபாய் செலவில்லை.

குரலும் முகக்கவசமும்

வகுப்பறையில் அதிக நேரம், அதிகச் சத்தமாகப் பேசுபவர் ஆசிரியர். ஒரே நாளில் நான்கைந்து அறைகளுக்குப் போய்வருபவரும் அவரே. குரல் உயர உயர வெளிவரும் துகள்களும் கூடுகின்றன. ஆகவே தொற்றுக் காலத்தில் மைக் ஒரு பாதுகாப்புக் கருவி. காலரில் மாட்டும் மைக்கும் இடுப்பில் தொங்கும் சின்ன ஸ்பீக்கரும் இருந்தால் முகக்கவசத்துக்குள்ளிருந்து சாதாரணக் குரலில் பேசலாம். அது இல்லாமல் மாஸ்க் மட்டும் போடச் சொன்னால் என்ன ஆகும்? கடைசி பெஞ்ச் "சார், கேக்கல" என்னும். ஆசிரியர் மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்குவார், பத்து நிமிடத்தில் தாடைக்கு வந்துவிடும். குற்றம் அவருடையது இல்லை. கேட்கும்படி பேச அவருக்கு வழி செய்யாதவர்களுடையது. மைக்கை மட்டும் கைமாற்றிக்கொள்ளாமல் ஆளுக்கொன்று கொடுங்கள்.

முகக்கவசம் எல்லாம் ஒன்றில்லை. துணி மாஸ்க்கைவிட சர்ஜிகல் மாஸ்க் மேல், அதைவிட முகத்தில் இடைவெளியின்றி ஒட்டும் என்95 மேல். வால்வு வைத்த என்95 வேண்டாம். உள்ளே இழுக்கும் காற்றை வடிகட்டும், வெளியே விடுவதை அப்படியே விட்டுவிடும். மத்திய சுகாதாரத் துறையே 2020 ஜூலையில் மாநிலங்களுக்கு இதைப் பற்றி எழுதியது. பயிற்சியில் ஒவ்வொருவரும் மாஸ்க் போட்டு, மூக்குக் கம்பியை அழுத்தி, பலமாக ஊதிப் பார்க்கட்டும். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது. தாடி வைத்தவர்களுக்கு என்95 சரியாக உட்காராது என்பதையும் சங்கடப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

துறை அறையும் காரும்

மாணவர்களிடமிருந்துதான் ஆசிரியருக்கு வரும் என்று நினைப்பது இன்னொரு தவறு. வகுப்பில் மூன்று மணி நேரம் மாஸ்க்கோடு நின்றவர், துறை அறைக்கு வந்ததும் கழற்றி மாட்டிவிட்டு டிபன் பாக்ஸைத் திறக்கிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஐந்து நாற்காலி, ஒரு ஜன்னல், அதையும் பீரோ மறைத்திருக்கும். ஒருவர் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்திருப்பார், எல்லோர் தட்டுக்கும் ஒரு கரண்டி போகும். நமக்கு அருமையான நேரம் அது, எனக்கும் விட மனமில்லை. அதை நிறுத்தச் சொல்லிப் பயனில்லை, இடத்தை மாற்றச் சொல்லுங்கள். வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடலாம். பீரோவை நகர்த்தி ஜன்னலைத் திறக்கலாம்.

அதேபோல் காரும். சேலத்திலிருந்து தொப்பூர் ஏறித் தர்மபுரிக்கு நான்கு பேர் சேர்ந்து காரில் வருவது இங்கே சகஜம். ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடிய கண்ணாடி, உள்காற்றையே சுற்றும் பொத்தான் அழுத்தப்பட்ட ஏசி. வகுப்பறையைவிட அபாயமான அறை அதுதான். பொத்தானை வெளிக்காற்றுக்கு மாற்றி, பின்கண்ணாடி ஒன்றைக் கொஞ்சம் இறக்குங்கள். மாஸ்க் காருக்குள்ளும் இருக்கட்டும். ஜன்னல் திறந்து ஓடும் அரசுப் பேருந்து, கூட்டம் இல்லாத நேரத்தில், இதைவிட நல்லது.

வாசலில் துப்பாக்கி, உள்ளே நெருப்பு

நெற்றிக்கு நேரே துப்பாக்கிபோல நீட்டும் வெப்பமானியை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். கோவிட் வந்தவர் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரப்பக்கூடியவர். பலருக்குக் காய்ச்சலே வரவில்லை. ஆட்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் அதைவிட மோசம். கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல், பயனில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2020 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது.

வேதியியல், விலங்கியல் ஆய்வகம் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை வேண்டும். சானிடைசரில் பெரும்பங்கு ஆல்கஹால். கையில் தடவிய ஈரத்தோடு பர்னரையோ ஸ்பிரிட் விளக்கையோ பற்றவைத்தால் கை எரியும், அந்தத் தீ வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட மாட்டாது. ஆய்வகத்தில் சோப்பும் தண்ணீரும்தான், சானிடைசர் பாட்டில் கதவுக்கு வெளியே.

சுகமில்லாதவர் வீட்டில் இருக்க வழி செய்யாதது

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு இதுதான். "அறிகுறி இருந்தால் வரவேண்டாம்" என்று ஒரு வரி எழுதுவது சுலபம். வராமல் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பார்ப்பதில்லை. நம் அரசுக் கலைக் கல்லூரிகளில் பாடச் சுமையில் பெரும்பகுதியைத் தாங்குபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். நிரந்தர ஆசிரியருக்குள்ள விடுப்பு உரிமைகள் அவர்களுக்குக் கிடையாது. சம்பளம் பிடிப்பார்களோ, அடுத்த ஆண்டு எடுப்பார்களோ என்ற பயம் உள்ளவர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். மாணவருக்கோ 75 சதவீத வருகைப் பதிவும், அது குறைந்தால் கட்டவேண்டிய கண்டோனேஷன் கட்டணமும். அரூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் கூலித் தொழிலாளியின் மகள் இருமலோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தால், கட்டணம் கட்ட வழியில்லாததால்தான் வந்திருப்பாள்.

பயிற்சி தொடங்கும் முன்பே நிர்வாகம் எழுத்தில் இரண்டு விஷயம் கொடுக்க வேண்டும். தொற்று அறிகுறியால் வராத கௌரவ விரிவுரையாளருக்குச் சம்பளம் பிடிக்கப்படாது. அறிகுறியோடு வீட்டில் இருக்கும் மாணவரின் வருகைப் பதிவு பாதிக்கப்படாது, அதை வகுப்பாசிரியரே தீர்மானிக்கலாம். பல்கலைக்கழக விதி குறுக்கே வந்தால் முதல்வர் சேலத்திலுள்ள பெரியார் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதட்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் பதில் ஆள் யார் என்று முன்கூட்டியே இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, பாடக் குறிப்பைப் பகிர்ந்து வைத்துவிட்டால், "நான் வராவிட்டால் வகுப்பு நின்றுவிடும்" என்ற குற்ற உணர்ச்சியும் இருக்காது.

விதிகள் மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. வீட்டுத் தனிமை 2021 ஏப்ரல் விதிப்படி 10 நாள், 2022 ஜனவரி விதிப்படி 7 நாள். ஒருமுறை பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வழங்கி முடித்தால் ஆசிரியர்கள் பழைய விதியைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மாதம் ஒரு அரை மணி நேரம் போதும்.

ஆன்லைன் பற்றி ஒரு வார்த்தை

2021 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கொடுத்தது. நல்ல உதவி. ஆனால் சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மலைக் கிராமங்களில் டேட்டா இருந்தும் சிக்னல் இல்லை. நேரலை வகுப்பை மட்டும் பழகிய ஆசிரியர் அந்த மாணவர்களை இழந்துவிடுவார். பத்து நிமிட ஆடியோ, இரண்டு பக்கக் குறிப்பு, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அவர்கள் ஏறி வரும்போது போனில் இறங்கிவிடும். இந்த அளவில் பாடத்தைச் சுருக்கித் தயாரிப்பதையும் பயிற்சியில் சேருங்கள்.

கடைசியாக, வகுப்பில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் என்ன பேசுவது என்பதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டுவிடும் ஆசிரியர்கள் உண்டு. அவசரத்தில் செய்வதுதான். ஆனால் சாயங்காலத்துக்குள் அது ஊருக்குப் போய்விடும், அந்த வீட்டுக்குப் பால் ஊற்றுபவர்கூட நின்றுவிடுவார். அடுத்த முறை காய்ச்சல் வந்த பிள்ளை வாயே திறக்காது. "நம் வகுப்பில் ஒருவருக்குத் தொற்று இருக்கிறது, நேற்றும் முந்தாநாளும் வந்தவர்கள் அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்" என்று மட்டும் போடுங்கள். பெயர் முதல்வருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் மட்டும் போகட்டும். அப்புறம் அன்று மாலை அந்த மாணவருக்கு ஒரு போன் செய்து, சாப்பிட்டாயா, மூச்சு வாங்குகிறதா என்று விசாரியுங்கள்.