சிவப்பு மை டிஸ்சார்ஜை எதிர்த்து மனு எழுதும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் குடியாத்தம் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். தம்பி பதினோரு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். நான்கு சிவப்பு மை, அதாவது ஏட்டில் சிவப்பு மையில் ஏறும் தண்டனைப் பதிவு, விழுந்ததும் ‘இனி இவருடைய சேவை தேவையில்லை’ என்று டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் ஒரு மனுவை டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். முதல் பத்தியைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் 2006-இல் என் கூட்டாளிக்காக நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்த மனுவும் இதேதான். “என் தவறுகளை உணர்ந்துவிட்டேன், கருணை காட்டி மன்னிக்க வேண்டும்.”

நான் வக்கீல் இல்லை. ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் காகிதங்கள் எப்படி உருவாகின்றன, எங்கே போய்ச் சேருகின்றன என்று தெரிந்ததால் ஊர்க்காரர்கள் தேடி வருகிறார்கள். நம்பர் தப்பாகப் போடுவது, கையெழுத்து விடுபடுவது மாதிரியான விஷயங்களை நான் சொல்லப் போவதில்லை, அதை ராணுவத்தின் ஆவணங்களை வைத்திருக்கிற ரெக்கார்ட் ஆபீஸே திருப்பி அனுப்பிச் சரிசெய்யச் சொல்லும். திருத்தவே முடியாத தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதுவும் மனநோய் சம்பந்தப்பட்ட கேஸ்களில்.

மன்னிப்புக் கேட்டு எழுதுவது

சிவப்பு மை எப்படி விழுகிறது? லீவு முடிந்தும் திரும்பாமல் இருந்தது, சொல்லாமல் போனது, குடித்தது, மேலதிகாரியிடம் குரல் உயர்த்தியது. கமாண்டிங் ஆபீசர் முன்னால் நிறுத்துவார்கள், சுருக்க விசாரணை நடக்கும், ஏழு நாளோ இருபத்தெட்டு நாளோ கடுங்காவல். அது ஏட்டில் சிவப்பு மையில் ஏறும். நான்கு ஏறிவிட்டால் 1954 ராணுவ விதிகளின் 13-ஆம் விதியைக் காட்டி வெளியே அனுப்பலாம். பதினைந்து வருடம் முடியாமல் போனால் சர்வீஸ் பென்ஷன் கிடையாது.

இப்போது அந்தக் குற்றங்களின் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். மூன்று மாதமாகத் தூங்காத ஒருவர், காதில் குரல் கேட்கிற ஒருவர், மன அழுத்தம் தாங்காமல் பாட்டிலைத் தேடுகிற ஒருவர் வேறு எதைச் செய்வார்? லீவில் வந்தவருக்கு ரயில் ஏறவே கால் வராது. ராணுவச் சட்டத்தின் 39-ஆம் பிரிவே ‘போதிய காரணம் இல்லாமல்’ லீவைத் தாண்டித் தங்குவதைத்தான் குற்றம் என்கிறது. நோய் ஒரு காரணம், அதுவும் போதிய காரணம். ஆனால் நீங்களே உட்கார்ந்து “தவறு செய்துவிட்டேன்” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால், காரணமே இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் எதிர்த்தரப்பு படிக்கும்.

2006-இல் எனக்கு இது புரியவில்லை. கிளார்க் புத்தி, பணிந்து எழுதினால் இரக்கம் வரும் என்று நினைத்தேன். என் கூட்டாளி காஷ்மீரில் குப்வாரா பக்கம் இரண்டு வருடம் இருந்தவர், பதிமூன்று வருட சர்வீஸ். மனு ஒரே வரியில் நிராகரிக்கப்பட்டு வந்தது: மனுதாரரே தன் தவறுகளை ஒப்புக்கொண்டுள்ளார். அதற்கப்புறம் எங்கே போனாலும் நான் எழுதிய அந்தத் தாளைத்தான் எதிர்த்தரப்பில் எடுத்து நீட்டினார்கள். பல வருடம் கழித்து அவருடைய மனைவி டிரங்குப் பெட்டியிலிருந்து நீல நிற இன்லாண்டு லெட்டர்களை எடுத்துக் காட்டினார். ‘ராத்திரி பங்கர் மேல யாரோ நடக்குற சத்தம். மத்தவங்களுக்குக் கேக்கலையாம். எனக்கு மட்டும் கேக்குது. அம்மாகிட்ட சொல்லாத.’ மேலே 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முத்திரை, தேதியோடு. இரண்டாவது சிவப்பு மை விழுவதற்கு ஐந்து மாதம் முந்தைய தேதி. அந்தக் கடிதம் மனுவோடு போயிருக்க வேண்டும். நான் கேட்கவே இல்லை, “அண்ணி, அவர் எழுதின கடிதம் எதாவது வச்சிருக்கீங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கூட்டாளி இன்று ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வாட்ச்மேன்.

அதனால்தான் இந்தக் ‘கருணை மனு’ என்ற வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது. கருணை கேட்க வேண்டிய இடமே இல்லை இது. 1988 டிசம்பர் 28 தேதியிட்ட ராணுவத் தலைமையகக் கடிதம் ஒன்று இருக்கிறது. சிவப்பு மையை எண்ணிப் பார்த்து மட்டும் அனுப்பக்கூடாது, முதலில் விசாரணை நடத்த வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், எத்தனை வருடம் உழைத்தார், எந்த மாதிரி கடினமான இடங்களில் இருந்தார், பென்ஷனுக்கு எவ்வளவு நெருங்கிவிட்டார் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வீரேந்திர குமார் துபே வழக்கில் இந்தக் கடிதத்தை வைத்துத்தான் டிஸ்சார்ஜையே ரத்து செய்தது. வேலையில் இல்லாத காலத்துக்குச் சம்பளம் தரவில்லை, ஆனால் பென்ஷனுக்குத் தகுதி வரும் வரை சர்வீஸில் இருந்ததாகக் கணக்கில் கொள்ளச் சொன்னது. அதே நீதிமன்றம் 2019-இல் சத்குர் சிங் வழக்கில் டிஸ்சார்ஜ் சரிதான் என்றது. ஏழு தடவை வராமல் இருந்தவர், விளக்கம் கேட்ட நோட்டீஸுக்குக் கொடுத்த பதிலில் ஏன் வரவில்லை என்று எந்த விளக்கமும் இல்லை என்பதையும் தீர்ப்பு குறித்துச் சொன்னது. இந்த இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

எப்படி எழுதுவது? ஒரு தாளை நான்கு கட்டமாகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு சிவப்பு மைக்கும் ஒரு கட்டம். மேலே தண்டனைத் தேதி. கீழே அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஆறு மாதத்தில் எங்கே டியூட்டி, தூக்கம் எப்படி, எந்த எம்.ஐ. ரூமுக்கு (யூனிட்டின் சிகிச்சை அறை) போனார், என்ன மாத்திரை, வீட்டில் யாரிடம் என்ன சொன்னார். முதல் சிவப்பு மைக்கு முன்னால் எத்தனை வருடம் ஏடு சுத்தமாக இருந்தது என்பதையும் எழுதுங்கள். ஆறேழு வருடம் ஒரு குறையும் இல்லாமல் இருந்தவர் ஒன்றரை வருடத்துக்குள் நான்கு தண்டனை வாங்கினால், நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வி படிக்கிறவர் மனதில் தானாகவே எழும்.

நேற்று வாங்கிய டாக்டர் சர்டிபிகேட்டை மட்டும் நம்புவது

இன்றைக்கு நோய் இருக்கிறது என்பதை அது நிரூபிக்கும். அன்றைக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. ராணுவத்தில் ஒருவரை மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது யூனிட்டிலிருந்து ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10 என்று ஒரு படிவம் போகும். ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்று கமாண்டிங் ஆபீசரே அதில் எழுதியிருப்பார். பல கேஸ்களில் குடும்பத்துக்கு இப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது. பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீஸுக்கும் அட்மிட் ஆன மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். ராணுவத்தின் மருத்துவத் தகுதியைக் குறிக்கும் ஷேப் வகைப்பாட்டில் ‘எஸ்’ என்ற முதல் எழுத்து மனநிலையைக் குறிப்பது. அது எப்போதாவது முழுத் தகுதியான எஸ்-1-லிருந்து இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நோய் என்று ஆஸ்பத்திரி எழுதிய அதே மாதத்தில் ஒழுங்கீனம் என்று யூனிட் தண்டனை போட்டிருந்தால் அந்த இரண்டு தாள்தான் உங்கள் கேஸின் உயிர்.

லீவில் வந்தபோது ஊரில் வைத்தியம் பார்த்திருந்தால் அந்தச் சீட்டும் வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு நோயாளிக்குத் தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. கீழ்ப்பாக்கமோ உள்ளூர் கிளினிக்கோ, எழுத்தில் கேளுங்கள்.

“சின்ன வயசிலேயே இவன் இப்படித்தான்”

அம்மாக்கள் சொல்வது. பாசத்தில் சொல்வது, பையன் மேல் குற்றம் இல்லை என்று காட்டுவதற்காகச் சொல்வது. அது கேஸ் ஷீட்டில் ஏறினால், நோய் பிறவியிலேயே இருந்தது, ராணுவத்துக்குச் சம்பந்தமில்லை என்று ஆகிவிடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. கூச்ச சுபாவம் வேறு, நோய் வேறு. பள்ளிக்கூடத்தில் அமைதியாக இருந்தான் என்றால் அமைதியாக இருந்தான் என்று மட்டும் சொல்லுங்கள்.

இரண்டு வழக்கை ஒன்றாகக் குழப்புவது

டிஸ்சார்ஜ் தவறு என்பது ஒன்று, ஊனமுற்றோர் பென்ஷன் கேட்பது இன்னொன்று. இரண்டாவதற்கு மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ மருத்துவக் குழு வழியாக வெளியேற்றப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். அங்கே 2013-இன் தரம்வீர் சிங் தீர்ப்பு பெரிய பலம்: சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்த நோய் சர்வீஸால் வந்ததாகக் கொள்ள வேண்டும், இல்லை என்றால் போர்டு காரணம் எழுத வேண்டும். ஆனால் இதை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஸ்கிட்சோஃப்ரீனியா சம்பந்தப்பட்ட நர்சிங் யாதவ் வழக்கில் 2019-இல், மனநோய் சேரும்போதே கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று சொல்லி நீதிமன்றம் மறுத்தும் இருக்கிறது. போர்டு என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்து, அதற்குப் பதில் எழுத வேண்டும்.

நேராகத் தீர்ப்பாயத்துக்கு ஓடுவது

ராணுவச் சட்டம் 26-ஆம் பிரிவில் முதலில் மனு. ஆறு மாதம் பதில் இல்லையென்றால் ஆயுதப் படைத் தீர்ப்பாயம். மனு போய்ச் சேர்ந்ததற்கான தபால் அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

தள்ளிப் போடுவது

தீர்ப்பாயத்துக்குப் போக இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதம்தான். தாமதத்துக்கு நோயே காரணம் என்றால் அதையும் சான்றோடு சொல்லித் தாமத மன்னிப்பு கேட்கலாம். பென்ஷன் பாக்கி மாதாமாதம் தொடர்வது என்பதால் கொஞ்சம் இடம் உண்டு, டிஸ்சார்ஜை எதிர்ப்பதில் அந்த இடம் இல்லை. இன்னொன்று, பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்களை 25 வருடம்தான் வைத்திருப்பார்கள், அப்புறம் அழித்துவிடுவார்கள்.

ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கை யாரிடமாவது கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

கேஸுக்காக மாத்திரையை நிறுத்துவது

இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ‘நோய் தெரியணும்ல’ என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்களாம். வேண்டவே வேண்டாம். கேஸ் பழைய தாள்களில் இருக்கிறது. தொடர்ந்து வைத்தியம் பார்க்கிற சீட்டும் கேஸுக்கு நல்லதுதான். மனு வேலை நடக்கும்போது பழையதெல்லாம் கிளறப்படும், அந்த நாட்களில் ஆளைத் தனியாக விடாதீர்கள். ராத்திரி நிலைமை மோசமானால் டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம்.

குடியாத்தம் தம்பி அன்று வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன்தான் எல்லாம் சொன்னார். நான் மனுவை மடித்து ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் நான்கு கட்டம் போட்டேன். முதல் கட்டத்தின் மேல் தேதியை எழுதிவிட்டு, “அந்த மாசம் எங்க இருந்தீங்க தம்பி?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போஸ்ட்டின் பெயரைச் சொன்னார், கூட இருந்து இறந்துபோன ஒருவரின் பெயரையும் சொன்னார். அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அந்தப் பெயர் அதுவரை தெரியாது.